அமத்சியாவின் இரண்டு யுத்தங்கள்

வேதபாடம்
வாசிக்கவேண்டிய பகுதிகள்: 2 நாளாகமம் 25-ம் அதிகாரம், லூக்கா 14:31,32



இந்தப் பாடத்தில் நாம் வழக்கமாய்த் தொடாத ஒரு காரியத்தைத் தியானிக்கப்போகிறோம். ஒரு தேசம் தன் சத்துரு தேசத்தின்மேல் யுத்தத்துக்குப் புறப்படுமுன்னே என்ன கணக்குப் பார்க்கவேண்டும்? எந்த நோக்கத்தோடே புறப்படுகிறது என்று எப்படி நிதானிக்கவேண்டும்?

"இதெல்லாம் அரசாங்கத்து விஷயம், சபைக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன்.

1999-ம் வருஷம், கார்கில் யுத்தம் நடந்த நாட்கள். ஊடுருவி வந்தவர்களைத் துரத்துவதற்காக நம்முடைய ராணுவம் மலையுச்சிகளிலே போராடிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் போவதில்லை என்று அரசாங்கம் தீர்மானித்திருந்தது. எங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலே ஒரு வாலிபச் சகோதரன் எழுந்து, "ஆண்டவரே, ஏன் தாண்டக்கூடாது? ஒரேயடியா உள்ள போயி அந்த தேசத்தையே இல்லாம ஆக்கிடணும்" என்று கைகளை உயர்த்தி ஜெபித்தார். அநேகர் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேன்.

ஜெபம் முடிந்தபிறகு ஒரு தாயார் என்னிடத்தில் வந்தார்கள். அவர்களுடைய மூத்த மகன் ராணுவத்தில் சிப்பாய். "ஐயா, உள்ள போறதுன்னா என் பிள்ளைதானே போகணும்? ஆமென் சொன்னவங்க யாரும் போகப்போறதில்லையே. அதையும் கணக்குப் பண்ணித்தான் ஆமென் சொன்னீங்களா?" என்று கேட்டார்கள். கோபமாய்க் கேட்கவில்லை, மெதுவாய்த்தான் கேட்டார்கள். ஆனாலும் அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்த வேதபாடத்துக்குள் நடத்தினது.

1. உட்கார்ந்து பார்க்கிற ராஜா

லூக்கா 14-ல் ஆண்டவர் ஒரு ராஜாவைப்பற்றிச் சொல்லுகிறார். அவனிடத்தில் 10,000 பேர். எதிரே வருகிறவனிடத்தில் 20,000 பேர். அவன் என்ன செய்கிறான்? உடனே குதிரைமேல் ஏறவில்லை, எக்காளம் ஊதவில்லை. முதலாவது உட்காருகிறான், ஆலோசிக்கிறான். முடியாது என்று கண்டால், மற்றவன் தூரத்தில் இருக்கும்போதே ஸ்தானாபதிகளை அனுப்பிச் சமாதானம் பேசுகிறான்.

ஆண்டவர் இங்கே யுத்தத்தைப்பற்றிப் போதிக்கவில்லை, சீஷனாய் இருப்பதற்கு என்ன விலை என்பதைப் போதிக்கிறார். ஆனாலும் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளுகிற உவமையைத்தான் அவர் எடுப்பார். கணக்குப் பார்க்காமல் யுத்தத்துக்குப் போகிற ராஜா புத்தியீனன் என்று ஜனங்கள் அப்போதே அறிந்திருந்தார்கள். "தூரத்தில் இருக்கும்போதே" என்பதைக் கவனியுங்கள். பட்டயம் உருவினபிறகு பேசுகிற சமாதானத்துக்கு விலை அதிகம்.

மோசேயின் நியாயப்பிரமாணமும் இந்தக் கணக்கைப் பார்க்கச் சொல்லுகிறது. உபாகமம் 20-ம் அதிகாரத்தை வாசித்துப்பாருங்கள். புது வீடு கட்டிக் குடிபோகாதவன் வீட்டுக்குத் திரும்பலாம். திராட்சத்தோட்டம் நாட்டி அதின் பலனை அநுபவியாதவன் திரும்பலாம். பெண்ணை நியமித்து இன்னும் விவாகம்பண்ணாதவன் திரும்பலாம். பயப்படுகிறவனும் திரும்பலாம். தலைகளை எண்ணுவதற்கு முன்னே ஒவ்வொரு தலைக்கும் பின்னாலுள்ள வீட்டை எண்ணச் சொல்லுகிறார் தேவன். பட்டணத்தை முற்றிக்கைபோடும்போது கனிதரும் மரங்களை வெட்டக்கூடாது என்றும் அங்கே இருக்கிறது. ஏனென்றால் யுத்தம் முடிந்தாலும் ஜனங்கள் சாப்பிடவேண்டுமே!

2. முதலாம் யுத்தம்: கணக்கில் எழுதாத செலவு

இப்போது அமத்சியாவினிடத்துக்கு வருவோம். 25 வயதில் யூதாவுக்கு ராஜாவானவன். கர்த்தருக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழு இருதயத்தோடே செய்யவில்லை என்று வேதம் ஆரம்பத்திலேயே எழுதிவைத்திருக்கிறது.

ஏதோமின்மேல் யுத்தத்துக்குப் போக அவன் சேனையைத் தொகையிட்டான். 3,00,000 பேர் தேறினார்கள். போதாது என்று நினைத்து, வடக்கே இஸ்ரவேலிலிருந்து 1,00,000 பேரைக் கூலிக்கு அமர்த்தினான். கூலி 100 தாலந்து வெள்ளி. ஒரு தாலந்து 3,000 சேக்கல். அப்படியானால் தலைக்கு எவ்வளவு? மூன்றே சேக்கல்! ஒரு மனுஷன் தன் உயிரைப் பணயம்வைக்க மூன்று சேக்கல் போதுமா? மீதியை ஏதோமின் கொள்ளையிலே எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அவர்கள் வந்திருக்கவேண்டும். மலிவான கூலியாள் என்று அமத்சியா நினைத்தான். மலிவுக்குப் பின்னாலே என்ன வருகிறது என்று பார்க்கவில்லை.

தேவனுடைய மனுஷன் ஒருவர் வந்து, இந்தச் சேனை உம்மோடே வரலாகாது என்றார். அமத்சியாவின் முதல் கேள்வி என்ன தெரியுமா? கொடுத்த 100 தாலந்து என்னாகிறது என்பதே! நாமும் அப்படித்தானே கேட்டிருப்போம்? அதைப்பார்க்கிலும் அதிகமாய்க் கர்த்தர் உமக்குக் கொடுக்கக்கூடும் என்று பதில் வந்தது. அமத்சியா கீழ்ப்படிந்தான். போட்ட பணம் போனாலும் போகட்டும் என்று அவர்களை அனுப்பிவிட்டான்.

பிரியமானவர்களே, இது சாதாரண கீழ்ப்படிதல் அல்ல. உலகத்தின் அநேக யுத்தங்கள் முடியாமல் நீண்டதற்குக் காரணம், "இவ்வளவு செலவு பண்ணியாச்சு, இவ்வளவு பேரைச் சாகக் கொடுத்தாச்சு, இப்போ நிறுத்தினா எல்லாம் வீணாயிடுமே" என்கிற எண்ணந்தான். செலவானது திரும்பி வராது. அதற்காக இன்னும் செலவிடுவது ஞானமல்ல. இதை அமத்சியா அன்று விளங்கிக்கொண்டான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அனுப்பப்பட்ட கூலிப்படை கடுங்கோபத்தோடே திரும்பிப்போனது. அமத்சியா ஏதோமில் இருந்தபோது, அவர்கள் சமாரியா தொடங்கிப் பெத்தொரோன்வரைக்குமுள்ள யூதாவின் பட்டணங்களில் பாய்ந்து, 3,000 பேரைக் கொன்று கொள்ளையிட்டார்கள். கூலி பேசினது அரமனையிலே. அடி விழுந்ததோ ஊர்ஜனங்கள்மேல். அந்த 3,000 பேரில் எவனாவது கூலிப்படை வேண்டும் என்று கேட்டானா? ராஜாவின் கணக்குப் புத்தகத்திலே 100 தாலந்து மட்டும் எழுதியிருந்தது. 3,000 பேருக்கு அதிலே பத்தியே இல்லை!

3. இரண்டாம் யுத்தம்: பெருமை போட்ட கணக்கு

உப்புப் பள்ளத்தாக்கிலே அமத்சியாவுக்கு ஜெயம் கிடைத்தது. 10,000 பேரை யுத்தத்திலே வெட்டினான். உயிரோடே பிடித்த 10,000 பேரைக் கன்மலையின் உச்சியிலிருந்து தள்ளிவிட்டார்கள். வேதம் இதை மறைக்கவுமில்லை, புகழவுமில்லை. அடுத்த வசனங்களில் நடப்பதோ அதைவிட ஆச்சரியம். ஏதோமியரை அவ்வளவாய்ப் பகைத்தவன், அவர்களுடைய தேவர்களைச் சுமந்துகொண்டுவந்து, தனக்குத் தேவர்களாய் நிறுத்திப் பணிந்துகொண்டான்! தங்கள் ஜனத்தைக் காப்பாற்ற முடியாத தேவர்களை நீர் ஏன் நாடினீர் என்று தீர்க்கதரிசி கேட்டார். சத்துருவை ஜெயித்தவன் சத்துருவைப்போலவே ஆகிவிடுகிறதும் யுத்தத்தின் செலவுதான். அதை எந்தக் கணக்கிலும் ஒருவரும் எழுதுகிறதில்லை.

இந்தத் தடவை அமத்சியா கேட்கவில்லை. உன்னை ராஜாவுக்கு ஆலோசனைக்காரனாய் வைத்தார்களோ, அடிபடாமல் சும்மாயிரு என்று பயமுறுத்தினான். அதற்குப்பிறகு அவன் ஆலோசனைபண்ணினான் என்று 17-ம் வசனம் சொல்லுகிறது. கவனியுங்கள்! வேண்டாம் என்கிறவனை வாயடக்கிவிட்டு, மீதியானவர்களோடே ஆலோசித்தான். உட்காருகிறது மட்டும் போதாது, பிரியமானவர்களே. யாரோடே உட்காருகிறோம் என்பதும் முக்கியம்.

பிறகு இஸ்ரவேலின் ராஜாவாகிய யோவாசை யுத்தத்துக்கு அழைத்தான். காரணம் இல்லாமலா அழைத்தான்? 3,000 பேரின் இரத்தம் சிந்தப்பட்டிருந்ததே! நியாயமான வருத்தந்தான். ஆனால் நியாயமான காரணத்துக்குள்ளே பெருமை வந்து ஒளிந்துகொள்ளும். பெருமை ஒருநாளும் தன் சொந்தப் பேரிலே வராது. "நீதி" என்று பேர் வைத்துக்கொண்டு வரும், "தேசத்தின் மானம்" என்று பேர் வைத்துக்கொண்டு வரும். யுத்தங்கள் எங்கேயிருந்து வருகிறது என்று யாக்கோபு கேட்டு, நம்முடைய உள்ளேயிருக்கிற இச்சைகளிலிருந்து வருகிறது என்று காட்டுகிறார் (யாக்கோபு 4:1).

யோவாஸ் ஒரு உவமையை அனுப்பினான். லீபனோனின் முட்செடி ஒன்று கேதுருமரத்தினிடத்தில் சம்பந்தம் கேட்டதாம். அந்த வழியாய் வந்த ஒரு காட்டுமிருகம் முட்செடியை மிதித்துப்போட்டதாம். ஏதோமை ஜெயித்ததினால் உனக்குக் கர்வம் வந்தது, வீட்டிலே இரு, நீயும் விழுந்து உன்னோடே யூதாவும் ஏன் விழவேண்டும் என்று கேட்டான். சத்துருவின் வாயிலிருந்து வந்த புத்திமதி! "உன்னோடே யூதாவும்" என்பதை யூதாவின் ராஜா யோசிக்கவில்லை, எதிரி ராஜா யோசித்தான்.

பெத்ஷிமேசிலே யூதா முறிந்து ஓடிற்று. அமத்சியா பிடிபட்டான். எருசலேமின் அலங்கம் எப்பிராயீம் வாசல் தொடங்கி மூலைவாசல்வரைக்கும் 400 முழம், அதாவது சுமார் 600 அடி, இடிக்கப்பட்டது. தேவாலயத்துப் பொன்னும் வெள்ளியும் பணிமுட்டுகளும் போயிற்று. பிணையாய் ஆட்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியிலே அமத்சியாவுக்கு விரோதமாய் அவன் சொந்த ஜனங்களே கட்டுப்பாடுபண்ணி, லாகீசிலே அவனைக் கொன்றார்கள்.

இரண்டு யுத்தங்களிலும் ராஜா ஒருவனே, சேனையும் யூதாவின் சேனையே. வித்தியாசம் எங்கே? முதல் யுத்தத்திலே அவன் காது திறந்திருந்தது, கணக்கைத் திருத்திக்கொண்டான். இரண்டாவதிலே பெருமை உள்ளே வந்தது, காது அடைத்துப்போயிற்று. இதுதான் இந்தப் பாடத்தின் மையம்: நோக்கம் கெட்டால் கணக்கும் கெட்டுப்போகும். பெருமைக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியாது.

4. முந்திச் சம்மதம், பிந்தி ஜெபம்

1 இராஜாக்கள் 22-ல் இதே பாடம் வேறு விதமாய் வருகிறது. கீலேயாத்திலுள்ள ராமோத் நம்முடையதல்லவா என்று ஆகாப் கேட்டான். அதுவும் நியாயமான உரிமைதான். என்னோடே வருகிறீரா என்று யோசபாத்தைக் கேட்டபோது, நான்தான் நீர், என் ஜனங்கள்தான் உம்முடைய ஜனங்கள் என்று உடனே சம்மதித்துவிட்டார். அதற்குப்பிறகுதான் கர்த்தருடைய வார்த்தையை விசாரித்துப்பாரும் என்றார். பக்திமானாகிய யோசபாத் ஜெபிக்கத் தவறவில்லை. ஆனால் வரிசை தவறிப்போயிற்று!

400 தீர்க்கதரிசிகள் ஒரே வாயாய்ப் போம் என்றார்கள். ஒருவன் இருப்புக்கொம்புகளையே செய்து காட்டினான். மிகாயா ஒருவர்மட்டும் மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல் ஜனங்கள் சிதறிப்போனதைக் கண்டேன் என்றார். மிகாயாவுக்குச் சிறைச்சாலை கிடைத்தது, இடுக்கத்தின் அப்பமும் தண்ணீரும் கிடைத்தது. ஆகாபோ வேஷம் மாறிப் போயும் ஒரு அம்புக்குத் தப்பவில்லை. எல்லாரும் ஒரேமாதிரிப் பேசுகிற சபையிலே, மாறாய்ப் பேசுகிற ஒருவருடைய வார்த்தையை விலையேறப்பெற்றதாய் எண்ணவேண்டும்.

5. நம்முடைய காலத்திலே நடந்தது

இது பழைய ஏற்பாட்டுக் காலத்தோடே போய்விட்டதா? இல்லை. 2003-ம் வருஷத்து ஈராக் யுத்தத்தைப் பாருங்கள். சதாம் உசேன் கொடிய ஆட்சியாளர் என்பதிலே சந்தேகமில்லை. 1988-ல் ஹலப்ஜா என்ற ஊரிலே அவருடைய சேனை விஷவாயுவினால் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1990-ல் குவைத்தைப் பிடித்தார். அப்போது அங்கே பிழைக்கப்போயிருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நம் தேசத்தார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அம்மான் வழியாய் விமானங்களில் வெறுங்கையோடே திரும்பினார்கள். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்த நாட்கள் மறக்காது.

2003-ல் அமெரிக்க அரசாங்கம் யுத்தத்துக்குச் சொன்ன பிரதான காரணம், ஈராக்கிலே பேரழிவு ஆயுதங்கள் இருக்கிறது என்பது. செலவைப்பற்றி என்ன கணக்குப் போட்டார்கள்? 2002 செப்டம்பரில் ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். அவ்வளவு ஆகாது என்றார்கள். டிசம்பரில் அவர் பதவியிலிருந்து போனார். அதே மாதம் பட்ஜெட் அதிகாரியிடமிருந்து 5,000 கோடி முதல் 6,000 கோடி டாலர் என்ற கணக்கு வந்தது. 2003 பிப்ரவரியில் ராணுவத் தளபதி எரிக் ஷின்செகி, ஜெயித்தபிறகு அந்தத் தேசத்தை நிலைப்படுத்தச் சில லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்றார். அது மிகையான கணக்கு என்று மேலிடத்தார் தள்ளிவிட்டார்கள். மிகாயாவை நினைத்துக்கொள்ளுங்கள்!

மார்ச் 20-ம் தேதி யுத்தம் தொடங்கினது. சில வாரங்களில் பாக்தாத் விழுந்தது. பெரிய யுத்தம் முடிந்தது என்று மே 1-ம் தேதி ஜனாதிபதி புஷ் அறிவித்தார். முடிந்ததா? 2011 டிசம்பரில்தான் சேனை வெளியே வந்தது. ஆயுதக் குவியல் ஒன்றும் இல்லை என்று 2004-ல் அவர்கள் அனுப்பின ஆய்வுக்குழுவே அறிக்கை கொடுத்தது. அமெரிக்க வீரர் ஏறக்குறைய 4,500 பேர் இறந்தார்கள். ஈராக்கின் சாதாரண ஜனங்களில் இறந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். நேரடிச் செலவு மட்டும் ஏறக்குறைய 80,000 கோடி டாலர்.

கணக்கிலே எழுதாத இன்னொரு செலவையும் தேவபிள்ளைகளாகிய நாம் அறியவேண்டும். ஈராக்கின் கிறிஸ்தவர்கள் ஆதிச்சபையின் காலத்தோடே தொடர்புள்ள பழமையான ஜனங்கள். யுத்தத்துக்குப்பின் வந்த கலகங்களிலே லட்சக்கணக்கானவர்கள் தேசத்தைவிட்டுப் போனார்கள். 2014-ல் ஐ.எஸ். இயக்கத்தார் மோசூல் பட்டணத்தைப் பிடித்து, கிறிஸ்தவர்களுடைய வீடுகளின் சுவரிலே ஒரு எழுத்தை அடையாளமாய் எழுதித் துரத்தினார்கள். யுத்தத்துக்கு ஆலோசித்த மேஜையிலே இவர்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

6. நூலையும் வாங்காதவர்

அப்படியானால் யுத்தமே கூடாதா என்று கேட்பீர்கள். ஆதியாகமம் 14-ல் ஆபிரகாம் யுத்தத்துக்குப் போனார். அப்போது அவர் பேர் ஆபிராம். லோத்துவைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டவுடனே, தன் வீட்டிலே பிறந்த 318 பேரோடே தாண்மட்டும் தொடர்ந்துபோய், அகப்பட்டவர்களை மீட்டுக்கொண்டுவந்தார். பறிகொடுத்தவர்களை மீட்கவேண்டியது அவசியமாயிருந்தது. போனவர்களோ அவருடைய சொந்த வீட்டார், அவரும் கூடவே போனார்.

அவருடைய நோக்கம் எப்படிப்பட்டது என்று எப்படித் தெரியும்? திரும்பி வந்தபோது தெரிந்தது. சோதோமின் ராஜா பொருள்களை எடுத்துக்கொள்ளும் என்றான். ஒரு நூலையாகிலும் பாதரட்சையின் வாரையாகிலும் எடுக்கமாட்டேன் என்றார் ஆபிராம். வாலிபர் சாப்பிட்டதையும், கூட வந்த நேசருடைய பங்கையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

யுத்தத்தின் நோக்கத்தைச் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஜெயித்தால் என்ன கொண்டுவருவோம்? ஆபிரகாம் லோத்துவைக் கொண்டுவந்தார். அமத்சியா விக்கிரகங்களைக் கொண்டுவந்தான்.

7. நினிவே என்ற சத்துரு பட்டணம்

மோசூல் என்று சொன்னேனே, டைக்ரிஸ் நதிக்கு எதிர்க்கரையிலே அந்தப் பட்டணத்துக்குள்ளேதான் பழைய நினிவேயின் இடிபாடுகள் இருக்கிறது. இஸ்ரவேலுக்குப் பயங்கரமான சத்துரு அசீரியா. அதின் மகா நகரம் அழியும் என்று யோனா வெளியே குடிசைபோட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழியாதபோது அவருக்குக் கோபம். அப்போது தேவன் ஒரு கணக்கைச் சொன்னார்: வலதுகை இடதுகை வித்தியாசம் தெரியாதவர்கள் 1,20,000 பேருக்கு மேல். அதோடு நிற்கவில்லை, மிருகஜீவன்களையும் சேர்த்தார்! யோனாவின் கணக்கிலே ஒரு சத்துரு பட்டணம். தேவனுடைய கணக்கிலே அத்தனை ஆத்துமாக்கள், மாடுகளும்கூட.

ஆம், பிரியமானவர்களே. அந்தத் தாயார் என்னிடத்தில் கேட்டதும் இதே கணக்கைத்தான். அவர்கள் மகனைக் கர்த்தர் பத்திரமாய்த் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் அந்த யுத்தத்திலே நம் வீரர் 500 பேருக்கு மேல் திரும்பவில்லை. அது நாம் தேடிப்போன யுத்தமும் அல்ல. கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னும் எத்தனை தாய்மார் வாசலிலே நின்றிருப்பார்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்? தேசத்தைக் காக்கிறவர்களுக்காக ஜெபிப்பது நம் கடமை. யுத்தம் வேண்டும் என்று பசியோடே ஜெபிப்பது வேறே.

ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ளவர்களுக்காகவும் ஜெபிக்க வேதம் நமக்குக் கட்டளை கொடுக்கிறது (1 தீமோத்தேயு 2:1,2). எதற்காக? கலகமில்லாமல் அமைதலாய் ஜீவனம்பண்ணுவதற்காக. அடுத்த தடவை யுத்தச் செய்தி வரும்போது, "ஆமென்" சொல்லுமுன் கொஞ்சம் உட்காருவோம்.

சிந்தித்து ஜெபிக்க:

1. இந்த யுத்தத்துக்கு மெய்யான விலை என்ன? அதைக் கொடுக்கப்போகிறவர்கள் யார்? அவர்களைக் கேட்டார்களா?

2. மற்றவன் தூரத்தில் இருக்கும்போதே சமாதானம் பேச வழி இருந்ததா?

3. வேண்டாம் என்று சொன்னவர் யார்? அவருக்குச் செவிகொடுத்தார்களா, சிறைச்சாலை கொடுத்தார்களா?

4. ஜெயித்தால் வீட்டுக்கு என்ன கொண்டுவருவோம்?

5. நான் முந்திச் சம்மதித்துவிட்டுப் பிந்தி ஜெபிக்கிறேனா?

ஜெபம்: பரலோகப் பிதாவே, தேசத்தை ஆளுகிறவர்களுக்கு உட்கார்ந்து நிதானிக்கிற ஞானத்தைத் தாரும். எங்கள் உள்ளத்திலிருக்கிற பெருமையை எங்களுக்குக் காண்பியும். எல்லைகளிலே நிற்கிற பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். எங்களைப் பகைக்கிற தேசத்திலுள்ள ஆத்துமாக்களையும் உம்முடைய கண்களினாலே பார்க்க எங்களுக்குக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.